பெருவியூகக் கணினி விளையாட்டும் காஞ்சித்திணையும்: இரண்டாம் உலகப்போர்க் காலக் காஞ்சிபுரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரைக் களமாகக் கொண்ட 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' என்னும் பெருவியூகக் கணினி விளையாட்டு, போரை ஆலை, ஆள்பலம், மூலப்பொருள் ஆகியவற்றின் கணக்காக ஆட்டக்காரருக்குக் கற்பிக்கிறது. தொல்காப்பியப் புறத்திணைப் பாகுபாட்டைக் கொண்டு நோக்கினால், வெட்சி முதல் வாகை வரையிலான போர்நிலைகள் இவ்விளையாட்டில் இடம்பெறுவதையும் காஞ்சி இடம்பெறாமையையும் காணலாம். போர்க்காலக் காஞ்சிபுரத்தின் பட்டு, ஜரிகை, பருத்திநூல் ஆகியவற்றின் நிலையைச் சான்றாகக் கொண்டு, காஞ்சியின் பொருளாக அமைய வேண்டிய இழப்பு இவ்விளையாட்டின் கணக்கில் ஆதாயமாக மாறும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெருவியூக விளையாட்டு, இரண்டாம் உலகப்போர், புறத்திணை, காஞ்சி, காஞ்சிபுரம், கைத்தறி.

1. முன்னுரை

இன்றைய மாணவர்களுள் பலர் இரண்டாம் உலகப்போரின் நிலப்படத்தைப் பாடநூலுக்கு முன்பே கணினித் திரையில் கண்டுவிடுகின்றனர். போலந்து எப்போது வீழ்ந்தது, சிங்கப்பூர் ஏன் முக்கியமானது, ரப்பர் எங்கே விளைந்தது என்னும் வினாக்களுக்கு அவர்கள் தயங்காது விடை கூறுவர். தம் சொந்த ஊர் அப்போரில் என்ன பட்டது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. காஞ்சிபுரம் போன்ற நெசவு நகரத்து மாணவருக்கும் இந்நிலையே. இவ்விடைவெளிக்குக் கல்வித்திட்டம் ஒரு காரணம். போரை எண்ணிப் பார்ப்பதற்கு விளையாட்டு அமைத்துத் தரும் சட்டகம் மற்றொரு காரணம். இரண்டாவது காரணமே இக்கட்டுரையின் பொருள்.

கணினி விளையாட்டு தன் விதிகளின் வழியாகவே ஒரு கருத்தை நிலைநாட்டுகிறது என்பதை இயன் போகோஸ்ட் 2007இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துரைத்தார். படமும் உரையாடலும் சொல்லாத ஒன்றை விதி சொல்லிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். எனவே இத்தகைய விளையாட்டை ஆராய்வோர் திரையில் தோன்றுவதைக் காண்பதோடு அமையாது, விளையாட்டு எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதையும் நோக்க வேண்டும்.

2. விளையாட்டின் அமைப்பு

'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' வரிசையின் முதல் விளையாட்டு 2002இல் வெளிவந்தது. நான்காம் விளையாட்டைச் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் இயங்கும் பாரடாக்ஸ் நிறுவனம் 2016 ஜூன் 6 அன்று வெளியிட்டது. ஆட்டக்காரர் ஒரு நாட்டின் முழு அதிகாரத்தையும் ஏற்று, 1936 ஜனவரி 1 அல்லது 1939 ஆகஸ்ட் 14 தொடங்கி ஆட்டத்தை நடத்துவார். அவர் ஒரு தனி வீரரோ படைத்தலைவரோ அல்லர். அவர் நாட்டின் அரசாகவே செயல்படுகிறார்.

அவர் கையாளும் கூறுகள் சில. ஆலைகள் குடிமுறை ஆலை, போர்த்தளவாட ஆலை, கப்பல் கட்டும் தளம் என வகுக்கப்பட்டுள்ளன. எண்ணெய், அலுமினியம், ரப்பர், டங்ஸ்டன், எஃகு, குரோமியம் ஆகிய ஆறும் விளையாட்டு வெளியானபோது மூலப்பொருள்களாக அமைந்தன. ஆள்பலம் மக்கள்தொகையின் ஒரு விகிதமாகக் கணக்கிடப்படுகிறது. படைச்சேர்ப்புச் சட்டத்தை மாற்றினால் அவ்விகிதம் உயரும்.

பிரித்தானிய இந்தியாவும் ஆட்டத்திற்குரிய நாடுகளுள் ஒன்றாகும். அதற்கெனத் தனியான தேசிய இலக்கு வரிசை 2016 டிசம்பரில் வெளிவந்த 'டுகெதர் ஃபார் விக்டரி' விரிவாக்கத்தில் சேர்க்கப்பட்டு, 2025 மார்ச்சில் 'கிரேவ்யார்ட் ஆஃப் எம்பயர்ஸ்' விரிவாக்கத்தில் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே இந்தியா புறக்கணிக்கப்பட்டது என்று கூறிவிட இயலாது. எவ்வகையில் சேர்க்கப்பட்டது என்பதே வினா.

இவ்வகை விளையாட்டுகளை வெறும் பொழுதுபோக்கென அரசுகளும் கருதவில்லை. திபெத், மஞ்சூரியா முதலிய பகுதிகளைத் தனி நாடுகளாகக் காட்டியது என்னும் காரணத்தால் இவ்வரிசையின் முதல் விளையாட்டைச் சீன அரசு 2004இல் தடை செய்தமை இங்கு நினைக்கத்தக்கது.

3. புறத்திணை நோக்கில் விளையாட்டு

தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழு திணைகளை வகுக்கிறது. இவற்றுள் முதல் ஐந்தும் விளையாட்டின் செயல்களோடு பெரிதும் பொருந்துகின்றன.

வெட்சி போருக்கு முற்பட்ட நிலை. ஆநிரை கவர்தல் பகையைத் தொடங்கி வைக்கும் செயலாகும். விளையாட்டில் ஒரு நாட்டின்மீது போர் தொடுப்பதற்குமுன் அதற்கான காரணத்தை உருவாக்க வேண்டும். அதற்கு அரசியல் வலிமையும் காலமும் செலவாகும். வஞ்சி மண்ணாசையால் பிறர் நாட்டின்மேற் செல்லுதல். நிலப்படத்தில் அம்புக்குறி வரைந்து படையை நகர்த்தும் செயல் இதற்கு ஒப்பாகும். உழிஞை அரணை வளைத்தலும் கோடலும். கோட்டை நிலைகளும் அவற்றை உடைத்தற்கான படைப்பிரிவுகளும் விளையாட்டில் உள. தும்பை வலிமையே பொருளாக எதிர்நின்று பொருதல். படைப்பிரிவுகளின் வலிமை எண்கள் ஒன்றோடொன்று மோதி முடிவு காணும் இடம் இது. வெற்றிப்புள்ளிகளுக்குரிய நகரங்களைப் போதிய அளவு இழந்த நாடு சரணடையும். அது வென்றவர்க்கு வாகை.

வாகையைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியர் வாகையைப் போர்வெற்றியோடு நிறுத்தவில்லை. அவரவர் தத்தம் துறையில் மேம்படுதலையும் வாகைக்குள் அடக்கினார். விளையாட்டில் அத்தகைய வாகைக்கு இடமில்லை.

காஞ்சி எஞ்சி நிற்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை காஞ்சியை எதிர்த்து வரும் பகைவரிடமிருந்து நாட்டைக் காத்தல் எனக் கொள்ளும். அப்பொருளில் காஞ்சி விளையாட்டில் நிரம்ப உண்டு. தொல்காப்பியத்தில் காஞ்சி வேறு. அது நிலையாமையைப் பொருளாகக் கொண்டது. கணவனை இழந்தவளின் நோன்பைக் கூறும் தாபதநிலை, மனைவியை இழந்தவனைக் கூறும் தபுதாரநிலை, இறந்தோரை நினைந்து செயலற்று நிற்கும் கையறுநிலை முதலியன அதன் துறைகள். ஒரே நிகழ்வை இருவேறு திணைகளில் காண இயலும் என்பதற்குப் பறம்பு நல்ல சான்று. மூவேந்தர் பறம்பை முற்றியதை முற்றுவோர் பக்கம் நின்று கூறினால் அது உழிஞை. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிர் பக்கம் நின்று கூறினால் அது கையறுநிலை. புறநானூற்றுத் துறைக்குறிப்பு அதனைப் பொதுவியலில் வைத்தாலும், தொல்காப்பிய நெறியில் அதற்கு இடம் காஞ்சியே.

காஞ்சி வெறும் அழுகை அன்று என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளில் அமைந்தது. வெற்றியின் உச்சியில் நின்ற வேந்தனுக்கு நிலையாமையை உணர்த்த வந்த அப்பாடல், மதுரை நகரின் அங்காடிகளையும் துணி விற்போரையும் கைவினைஞரையும் விரித்துக் காட்டுகிறது. வென்றவன் கண்முன் உழைக்கும் ஊரைக் கொண்டுவந்து நிறுத்துவதும் காஞ்சியின் பணி என்று இதனால் அறியலாம். இக்கட்டுரை காஞ்சி என்னும் சொல்லை இப்பொருளிலேயே ஆளுகிறது. ஊர்ப்பெயரும் திணைப்பெயரும் ஒத்திருத்தல் இவ்வாதத்திற்கு அடிப்படையன்று.

4. போர்க்காலக் காஞ்சிபுரம்

4.1 பட்டு

காஞ்சிபுரத்துச் சேலைக்குரிய பட்டு அவ்வூரில் விளைவதில்லை. நூல் வெளியூரிலிருந்து வந்து, அங்கே முறுக்கும் சாயமும் ஏற்று, பாவாகவும் ஊடையாகவும் மாறுகிறது. போருக்கு முற்பட்ட ஆண்டுகளில் சீன, ஜப்பானியப் பட்டு மலிவாக இறக்குமதியானதால் மைசூர்ப் பட்டு நலிந்தது. இறக்குமதிமீது காப்பு வரி விதிக்க வேண்டியதாயிற்று. 1941 ஜூலையில் பிரித்தானியப் பேரரசு ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் அவ்வழி முற்றும் அடைபட்டது. அதே வேளையில் வான்குடைக்குப் பட்டு தேவைப்பட்டது. மைசூர் அரசிலும், அன்று சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த கொள்ளேகாலத்திலும் பட்டுப்புழு வளர்ப்போர்க்கு விலை ஏறியது. அவர்க்கு ஆதாயமான அவ்விலையே நெசவாளர்க்கு மூலப்பொருட் சுமையாயிற்று.

பட்டுத் தட்டுப்பாடு படையையும் விட்டுவைக்கவில்லை. பர்மாப் போர்முனையில் பதினான்காம் படையை நடத்திய ஜெனரல் ஸ்லிம், பொருள்களை வானிலிருந்து இறக்குவதற்குப் பட்டு கிடைக்காமையால் சணலால் வான்குடை செய்வித்தார். விளையாட்டிலும் வான்குடைப் படை உண்டு. அதற்குப் போக்குவரத்து விமானம் வேண்டும். பட்டு வேண்டியதில்லை. எனவே ஒரு மணப்பெண்ணின் சேலையும் ஒரு வீரனின் வான்குடையும் ஒரே நூலுக்குப் போட்டியிட்ட நிலையை ஆட்டக்காரர் அறிய வழியில்லை.

போர் முடிந்ததும் வான்குடைத் தேவை மறைந்தது. பட்டு விலை சரிந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1949இல் மத்தியப் பட்டு வாரியம் அமைந்ததற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு பின்னணி.

4.2 ஜரிகை

ஜரிகை என்பது பட்டிழைமீது தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதன் விலை வெள்ளி விலையோடு பிணைந்தது. போர்ச் செலவு பெருகிய 1940இல் ரூபாய் நாணயத்தின் வெள்ளி அளவு சுமார் 92 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1947இல் ரூபாய் நிக்கலாயிற்று. பணவீக்கத்தைத் தணிக்கவும் நாணயம் அடிக்கவும் அமெரிக்கா கடன் குத்தகை முறையில் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு அளித்தது. ஓர் அரசு நாணயத்திற்கே வெள்ளியைக் கடன் வாங்கிய காலத்தில், சேலைக் கரைக்கு வெள்ளி வேண்டி நின்ற தொழில் எத்தகைய நெருக்கடியில் இருந்திருக்கும் என்பது உய்த்துணரத்தக்கது.

4.3 பருத்திநூலும் நெசவாளரும்

கைத்தறியாளரின் நிலை போர்க்காலத்திலேயே அரசின் கவனத்திற்கு வந்தது. கைத்தறிக்கும் ஆலைக்கும் இடையிலான சிக்கலை ஆராய 1941இல் நடுவணரசு உண்மையறி குழு ஒன்றை அமைத்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அதன் தலைவர். குழுவின் அறிக்கை 1942இல் அளிக்கப்பட்டது. நாட்டில் ஏறத்தாழ 20 லட்சம் கைத்தறிகள் இருப்பதாக அது கணித்தது. கைத்தறிக்கு வேண்டிய நூலில் பெரும்பகுதியை ஆலைகளே நூற்றன. ஆலைகள் படைக்குத் துணி நெய்யத் திரும்பியதும் சந்தைக்கு வரும் நூல் சுருங்கி, விலை பன்மடங்கு ஏறியது. 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு, இன்றைய கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர்க்கு நூல் பெற்றுத் தரும் வழிகளுள் ஒன்றாயிற்று.

நூல் தட்டுப்பாட்டோடு உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதால் அந்நாட்டு அரிசி வரவு நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் தாக்கப்பட்டன. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகர மக்கள் பெருந்திரளாக உள்ளூர்களுக்கு வெளியேறினர். நெய்து விற்றே அரிசி வாங்கும் குடும்பத்திற்கு நூலின் விலையும் அரிசியின் விலையும் ஒருங்கே உயர்வது இருபுறமும் நெருக்கும் நிலையாகும். உழவர்க்கு வீட்டில் சிறிதளவேனும் நெல் இருக்கும். நெசவாளர்க்கு அதுவும் இல்லை.

5. நுகர்பொருள் விகிதமும் தறியும்

மேற்கண்ட நிகழ்வுகள் யாவும் விளையாட்டில் எங்கே இடம்பெறும்? விளையாட்டில் குடிமுறை ஆலைகளுள் ஒரு விகிதம் நுகர்பொருளுக்கென ஒதுக்கப்படுகிறது. அவ்வாலைகள் ஆட்டக்காரருக்குப் பயன்படா. அமைதிக்காலப் பொருளாதாரத்திலிருந்து போர்க்காலப் பொருளாதாரத்திற்குச் சட்டத்தை மாற்றினால் இவ்விகிதம் குறையும். விடுபட்ட ஆலைகளைக் கொண்டு புதிய ஆலைகளை உண்டாக்கலாம். தறி என்னும் ஒன்று அதன் கட்டடப் பட்டியலில் இல்லை. ஆயினும் தறி குறித்த பொருள் அங்கே இல்லாமல் இல்லை. சேலை, வேட்டி, திருமணத்துணி, கோயில் பரிவட்டம் யாவும் அந்த ஒற்றை விகிதத்திற்குள் அடங்கிவிட்டன.

இங்கேதான் இக்கட்டுரையின் மையக்கருத்து அமைகிறது. விகிதம் குறைந்தால் திரையில் ஆலைகளின் எண்ணிக்கை உயர்கிறது. ஆட்டக்காரர் மகிழ்கிறார், அதனை விரைவில் அடைதலே தேர்ந்த ஆட்டம் எனக் கற்கிறார். அதே மாற்றம் காஞ்சிபுரத்துத் தெருவில் தறி நின்றுபோதலாகும். இழப்பு சொல்லப்படவில்லை என்பதோடு, அது வரவாகவும் எழுதப்படுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். விளையாட்டில் நிலைத்தன்மை, போர் ஆதரவு என்னும் அளவீடுகள் உண்டு. மக்களின் துன்பம் அவற்றில் வெளிப்படுகிறதே என்று கூறலாம். ஆனால் அவ்வளவீடுகள் மக்களின் மனநிலையைப் போர் முயற்சிக்கு அது துணையா தடையா என்னும் ஒரு கோணத்திலேயே அளக்கின்றன. உற்பத்தியைக் குறைக்காத துயரம் அங்குத் துயரமாகப் பதிவாவதில்லை.

மற்றொரு மறுப்பும் கருதத்தக்கது. எல்லாத் துன்பத்தையும் விளையாட்டாக்குதல் முறையாகுமா? யூதப் பேரழிப்பை இவ்விளையாட்டு ஆட்டப்பொருளாக்கவில்லை. கொலையைக் கட்டளையிடும் வாய்ப்பை ஆட்டக்காரர்க்கு அளிக்காமை அறத்தின்பாற்பட்ட விடுபடல் என்று கொள்ளலாம். எனவே விடுபட்டவை அனைத்தையும் குறையென்று கூற இயலாது. விட்டுவிடுதல் வேறு, இழப்பை ஆதாயத்தின் பத்தியில் எழுதுதல் வேறு.

6. ரப்பரும் இருப்புப்பாதையும்

இவ்விதி நெசவுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழர் வரலாற்றின் மற்றொரு பகுதியும் காட்டும். விளையாட்டின் மூலப்பொருள்களுள் ரப்பர் ஒன்று. மலாயாவைப் பிடிக்கவோ காக்கவோ ஆட்டக்காரரைத் தூண்டுவது அதுவே. அந்த ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர், காஞ்சிபுரத்தை அடுத்த வட ஆர்க்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றோரும் அவர்தம் வழியினருமாவர். 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இருப்புப்பாதை சுமார் 415 கிலோமீட்டர் நீளமுடையது. தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அப்பணியில் மாண்டனர். விளையாட்டிலும் 2021 நவம்பர் முதல் இருப்புப்பாதை அமைக்கலாம். அதற்குக் குடிமுறை ஆலைகளின் உழைப்பு செலவாகும், உயிர் செலவாகாது. போரிழப்புக் கணக்கில் படைவீரர் எண்ணிக்கையே காட்டப்படுகிறது.

7. ஆள்பலமும் அரசியலும்

ஆள்பலத்தை மக்கள்தொகை விகிதமாகக் கொள்வதும் வரலாற்றின் ஒரு முக்கிய உண்மையை மறைக்கிறது. போர்க்குடிகள் என்னும் கொள்கையால் தென்னிந்தியர் காலாட்படைச் சேர்ப்பு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பெரிதும் நிறுத்தப்பட்டது. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. ஆள் தேவைப்பட்டபோது சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. இந்தியப் படை சுமார் 2 லட்சத்திலிருந்து 25 லட்சமாகப் பெருகியதன் பின்னணியில் சட்ட மாற்றம் மட்டுமன்றி, வறுமையும் விலைவாசியும் இருந்தன.

அரசியலும் அவ்வாறே. விளையாட்டு அரசியலை மக்களாட்சி, பொதுவுடைமை, பாசிசம், சாராமை என நான்காக வகுக்கிறது. இந்தியரைக் கலவாமல் அரசப்பிரதிநிதி போரை அறிவித்தமையால் 1939 அக்டோபரில் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. நெசவுக் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். தமிழகத்தின் பின்னைய அரசியலை உருவாக்கிய இவ்வியக்கம் அந்நான்கு வகையுள் எதனுள்ளும் அடங்காது.

8. முடிவுரை

பெருவியூக விளையாட்டு போரின் பொருளியலைக் கற்பிப்பதில் திறமுடையது. எண்ணெயின்றித் தேர்ப்படை ஓடாது, வழங்கல் வழியின்றிப் படை நிலைக்காது என்னும் உண்மைகளை நூறு பக்கம் படிப்பதைவிட விரைவில் உணர்த்தும். அதனைத் தடுப்பதோ இகழ்வதோ பயனற்றது. அரசின் கண்கொண்டு போரைக் காட்டும் அதற்கு, ஊரின் கண்கொண்டு காட்டும் காஞ்சியைத் துணையாக வைப்பதே தேவை.

இதற்கு இரு பணிகள் உடனடியாகச் செய்யத்தக்கன. முதலாவது, இவ்விளையாட்டின் நிகழ்வுகளும் விதிகளும் பெரும்பாலும் திருத்தக்கூடிய உரைக்கோப்புகளாக உள்ளன. ஆட்டக்காரர்கள் தாமே மாற்றங்களை எழுதிப் பகிர்ந்து வருகின்றனர். தமிழ், வரலாறு, கணினித் துறைகள் இணைந்தால், பட்டையும் நூலையும் மூலப்பொருளாக்கி, நுகர்பொருள் விகிதம் குறையும்போது தறிகள் நிற்பதைக் காட்டும் நிகழ்வுகளை மாணவர்களே எழுத இயலும். இரண்டாவது, அந்நிகழ்வுகளை எழுதுவதற்கான செய்திகளைத் திரட்டுதல். 1943இல் பாவோட்டும் தெருவில் பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று தொண்ணூறு கடந்தவர். நூல் கிடைக்காத நாள்களில் தம் வீட்டில் உலை எவ்வாறு ஏறியது என்பதைச் சொல்லக்கூடியோர் அவர்களே. ஆவணக்காப்பகக் கோப்புகள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். அவர்களிடம் கேட்டுப் பதியும் பணி காத்திருக்க இயலாது.